மின் மற்றும் மின்னணுப் பொறியியல் இளநிலைப் படிப்பு (தமிழ்நாடு)

மின் மற்றும் மின்னணுப் பொறியியல் இளநிலைப் படிப்பு என்பது மின்னாற்றலை ஆக்கல், கடத்தல், பகிர்தல், கட்டுப்படுத்தல் ஆகியவற்றைப் பயிற்றுவிக்கும் நான்காண்டுப் பட்டப்படிப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது 'டிரிபிள் ஈ' எனப்படுகின்றது. அண்ணா பல்கலைக்கழகம் பி.இ. என்றும், திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகம் பி.டெக். என்றும் பட்டம் வழங்குகின்றன. பெயர் வேறுபாட்டைப் பொருட்படுத்தத் தேவையில்லை. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் 1930 இல் தொடங்கப்பட்டது.

பாடங்கள்

முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், நிரலாக்கம் ஆகியவை எல்லாப் பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒன்றே. பின்னர் மின்சுற்றுப் பகுப்பாய்வு, மின்காந்தப் புலம், மின் இயந்திரங்கள், கட்டுப்பாட்டு ஒருங்கியங்கள், திறன் மின்னணுவியல், மின்காப்பு முதலியன வரும். பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியாகச் செல்லும் கிரிவலப் பாதையின் விளக்குகளை எடுத்துக்கொள்வோம். உயரழுத்தத்தில் வரும் மின்சாரம் துணைமின் நிலையத்தில் 11 கிலோவோல்ட்டாகவும், தெருமுனை மின்மாற்றியில் மேலும் குறைந்து ஒருதறுவாய் இணைப்புக்கு ஏறத்தாழ 230 வோல்ட்டாகவும் மாறுகின்றது. ஓரிடத்தில் பழுது நேர்ந்தால் அப்பகுதி மட்டும் துண்டிக்கப்பட வேண்டும். முழுப் பாதையும் இருளக்கூடாது. இந்த ஒரு தேவைக்குள் மூன்று நான்கு பாடங்கள் அடங்கியுள்ளன.

மின்காந்தப் புலமும் கட்டுப்பாட்டு ஒருங்கியங்களும் முழுக்கக் கணிதமே. வீட்டில் மின்விசிறியைப் பழுதுபார்க்கும் ஆர்வம் நல்லதுதான், ஆனால் வகைக்கெழுச் சமன்பாடுகளை வெறுப்பவருக்கு அது மட்டும் போதாது.

ஒத்த துறைகள்

மின்னணு மற்றும் தொடர்பியல் பொறியியலுடன் இதனைக் குழப்பிக்கொள்வோர் பலர். முதலிரு ஆண்டுகளில் சுற்றுகள், மின்னணுக் கருவிகள் இரண்டுக்கும் பொது. அதன்பின் அங்கே குறிகைகளும் தொடர்பாடலும், இங்கே மின்திறனும் இயந்திரங்களும் முதன்மை பெறுகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'மின்பொறியியல்' என்ற ஒரே துறை இவ்விரண்டையும் உள்ளடக்குகின்றது. இலங்கை வழக்கில் மின்னணுவியல் 'இலத்திரனியல்' எனப்படும்.

சேர்க்கை

தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 1997 முதல் நடைபெறுகின்றது. நுழைவுத் தேர்வு 2007 இல் நீக்கப்பட்டது. இப்பொழுது கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200 க்குத் தரவரிசை கணிக்கப்படுகின்றது. மதிப்பெண் சமமானால் முதலில் கணித மதிப்பெண்ணே பார்க்கப்படும். 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடப்பதால், கல்லூரி-பிரிவு விருப்பப் பட்டியலின் வரிசை மிக முக்கியம். மேலே எழுதிய இடம் கிடைத்துவிட்டால் கீழே உள்ளவை பார்க்கப்படுவதில்லை. உறவினர் சொன்ன பெயர்களை முதலில் நிரப்பிவிட்டு, விரும்பிய பிரிவைக் கீழே இடுவது நான்கு ஆண்டுகளைப் பாதிக்கும் பிழை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 2021 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. பட்டயப் படிப்பு முடித்தோர் நேரடியாக இரண்டாமாண்டில் சேரலாம். திருவண்ணாமலை வட்டார மாணவர் நகரிலுள்ள தனியார் கல்லூரிகளுடன், ஆரணியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியையும், வேலூர் அரசினர் தந்தை பெரியார் தொழில்நுட்பக் கல்லூரியையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவ்வாண்டு எப்பிரிவுகள் உள்ளன என்பதைக் கலந்தாய்வுப் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். இயந்திர ஆய்வகத்தை நேரில் பார்ப்பதும் பயன்தரும். இயங்காத மின்னோடிகளைக் கொண்டு இப்பாடத்தைக் கற்க முடியாது.

வேலைவாய்ப்பு

தமிழ்நாடு மின்வாரிய நிறுவனங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், காற்றாலை, சூரிய மின்னாற்றல், மின் ஊர்தித் தொழில்கள் ஆகியன இத்துறைக்குரியவை. பல பொதுத்துறை நிறுவனங்கள் கேட் தேர்வு மதிப்பெண்ணைக் கருதுகின்றன. பட்டதாரிகளில் கணிசமானோர் மென்பொருள் துறைக்குச் செல்கின்றனர். தொடக்கம் முதலே மென்பொருள்தான் நோக்கம் எனில் கணினி அறிவியலை நாடுவது நேர்வழி. நிரலாக்கமும் மின்திறனும் ஒருங்கே பிடித்தவர்களுக்கோ, உட்பொதி ஒருங்கியங்களும் மின்வலையமைப்பின் கணினிவழிக் கட்டுப்பாடும் இத்துறைக்குள்ளேயே உள்ளன.