எழுத்துச் சீர்திருத்தமும் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்போரும்

முன்னுரை

சீனம் கற்கத் தொடங்குவோர் முதற்கண் எதிர்கொள்ளும் வினா, எளிமையாக்கப்பட்ட எழுத்தைக் கற்பதா, மரபெழுத்தைக் கற்பதா என்பதாகும். 1978க்குப் பின் இவ்வினா தமிழுக்கும் உரியதாயிற்று. 1969இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் தென்மண்டல மொழி மையத்தின் வழியே பிறமொழி ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பித்து வந்துள்ளது. அத்தகைய கற்போரை முன்னிறுத்தி இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

சீர்திருத்தத்தின் இயல்பு

தமிழ் வரிவடிவம் மாறாததன்று. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைக் கொம்பின் வடிவால் காட்டும் முறையை வீரமாமுனிவர் (1680-1747) புகுத்தினார். பெரியார் 1935இல் குடியரசு இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். அவற்றுள் ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13 வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. ஐ, ஔ என்பவற்றுக்கு மாற்றாக அவர் வழங்கிய அய், அவ் என்பன ஏற்கப்படவில்லை.

முன்னர், கா, மா முதலியவற்றில் தனித்து நின்ற கால், ணா, றா, னா என்பவற்றில் மட்டும் எழுத்தோடு பிணைந்து சுழிந்தது. ணை, லை, ளை, னை என்பவை துதிக்கை போன்ற முன்வளைவு பெற்றன. பிற எழுத்துகளுக்குரிய பொதுவிதியை இவற்றுக்கும் நீட்டியதே சீர்திருத்தம். ஒலியோ சொல்லோ மாறவில்லை.

சீனத்தோடு ஒப்பீடு

சீன அரசு 1956இல் எழுத்தெளிமைத் திட்டத்தை வெளியிட்டது. 1986இல் மீண்டும் வெளியான பட்டியலில் எளிய வடிவங்கள் 2,200க்கும் மேற்பட்டவை. தைவானும் ஹாங்காங்கும் மரபெழுத்தையே வழங்குகின்றன. எனவே அங்குத் தேர்வு நிலப்பகுதியைப் பொறுத்தது. தமிழிலோ நூலின் காலத்தைப் பொறுத்தது. ஒருங்குறியிலும் இவ்வேறுபாடு புலனாகும். சீனத்தில் இருவகை வடிவங்களும் பெரும்பாலும் தனித்தனிக் குறியெண் பெற்றுள்ளன. தமிழில் குறியெண் ஒன்றே. பழைய வடிவைத் தருவது எழுத்துருவே.

கற்போர்க்கு நேரும் இடர்

புதிய வடிவை மட்டும் அறிந்தவர், உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த மணிமேகலையைக் கையிலெடுத்தால், நூற்பெயரின் இறுதி எழுத்திலேயே தடுமாறுவார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் (1924-1939) பழைய வடிவிலேயே அச்சானது. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966 முதல் இயங்கிவரும் மைசூரில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. கல்வெட்டாய்வில் புகும் மாணவர், வட்டெழுத்தையும் கிரந்தத்தையும் அணுகுமுன், சீர்திருத்தத்திற்கு முன் அச்சான கல்வெட்டுத் தொகுதிகளைப் படித்தாக வேண்டும்.

முடிவுரை

எழுதுவதற்குச் சீர்திருத்த வடிவும், படிப்பதற்கு இருவகை வடிவும் வேண்டும் என்பதே பொருந்தும் முடிபு. சீனம் கற்போர்க்குப் பெருஞ்சுமையாகும் இவ்விரட்டைப் பயிற்சி, தமிழில் 13 எழுத்துகளுள் அடங்கிவிடுகிறது. தொடக்கப் பாடநூலில் ஒரு பக்கப் பட்டியலாக இவை இடம்பெறின், 1978க்கு முற்பட்ட அச்சு நூல்கள் கற்போர்க்கு அயலாகா.