மலைக்கு வாய்க்காத அல்லங்காடி

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, கூடல்மாநகரின் இரவை யாமம் யாமமாகக் காட்டுகிறது. அல்லங்காடியின் ஆரவாரமும் அதில் உண்டு. அடையும் மோதகமும் விற்ற கூவியர் இருந்தபடியே கண்ணயர்வதும் உண்டு. அத்தகைய இரவு நீலகிரிக்கு வாய்க்கவில்லை.

உதகை, கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் ஓய்வுக்கெனச் சமைத்த ஊர். 1841இல் தோன்றிய உதகை கிளப்பில் இரவு விருந்துக்குக் குறைவில்லை, உறுப்பினருக்கு மட்டும்! 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டிய பற்சக்கர ரயில் இன்றும் பகலில்தான் மலையேறுகிறது. நள்ளிரவு வண்டி இல்லாத நிலையத்தில் நள்ளிரவு இட்லிக்கு என்ன வேலை? 2009இல் பந்திப்பூர்க் காட்டுவழியில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனங்களுக்குத் தடை வந்தது. யானைகளுக்கு நல்லதே, கூடலூர் வழியே மைசூர் செல்லும் லாரிகளின் இரவு ஓட்டம் அத்துடன் நின்றது.

எனினும் மலை முழுவதும் உறங்குவதில்லை. பகலில் கிள்ளிய கொழுந்து, தேயிலை ஆலையின் வாட்டுந் தொட்டிகளில் இரவெல்லாம் கிடந்து ஈரம் இழக்கிறது. அதைக் கிளறவும் பதம் பார்க்கவும் ஆட்கள் விழித்திருக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையால் இலங்கையிலிருந்து வந்த தமிழருக்காக 1968இல் அரசு தொடங்கிய தோட்டங்களுக்கும் இதே முறைதான். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 150 பேர் பணிபுரியும் தோட்டங்களில் சிற்றுண்டிச்சாலை அமைக்க மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது. எந்த வேளைக்கு என்று கூறவில்லை. இரவு முறைக்குச் செல்பவர் மாலையிலேயே வீட்டுச் சோற்றைத் தூக்குப்போசியில் எடுத்துச் செல்கிறார். பாதி இரவில் திறக்கும்போது அது பனியில் குளிர்ந்திருக்கும்.