வராகனும் மதிப்பெண்ணும்

வெள்ளாற்று முகத்துவாரத்திலுள்ள பரங்கிப்பேட்டையில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் ஆகிய பலரும் வணிகம் நடத்தினர். 18ஆம் நூற்றாண்டில் அவ்வூரின் பெயரால் ஒரு பொன் வராகன் வழங்கியது. சென்னையின் நட்சத்திர வராகனைவிட அதில் பொன் குறைவு. இரண்டும் வராகனே, ஆயினும் எண்ணிப் பெற்றால் போதாது, அதன் மாற்றையும் அறிந்தாக வேண்டும் என்பதை வணிகர் உணர்ந்திருந்தனர்.

இன்று அவ்வூரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் விளங்குகிறது. இத்தகைய உயர்கல்வி நிலையங்களை நாடும் மாணவர் கொணரும் நாணயம் மதிப்பெண்ணாகும். பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் பத்துப் புள்ளி அளவை வகுத்தது. அதில் உச்சம் 10, தேர்ச்சி 4. அமெரிக்காவிலோ உச்சம் பெரும்பாலும் 4. ஆகவே, 4 என்னும் ஒரே எண் ஓரிடத்தில் கடைசிப்படி, மற்றோரிடத்தில் முதற்படி!

சதவீதமாக மாற்றும் முறையும் ஒன்றன்று. 8.25 என்னும் சராசரி, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அட்டவணைப்படி 75 சதவீதம். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்பிற்குச் சில ஆண்டுகள் கையாண்டபடி 9.5ஆல் பெருக்கினால், அதுவே 78ஐத் தாண்டும். சேர்க்கையில் அரைப் புள்ளியும் ஒரு மாணவனின் வாழ்வைத் திருப்பக்கூடும் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகையால், மாணவருக்குப் பரிந்துரை எழுதும் போதகர்களும் சேர்க்கைக் குழுவினரும் எண்ணோடு அதன் அளவுகோலையும் கேட்டறிதல் வேண்டும். மாற்றறியாமல் நாணயத்தை எடை போடுதல் நீதியாகாது.