முன்சக்கர இயக்கமும் பின்சக்கர இயக்கமும்

முன்சக்கர இயக்கம், பின்சக்கர இயக்கம் என்பன, மகிழுந்தின் பொறி தரும் ஆற்றல் எந்தச் சக்கரங்களுக்குச் செலுத்தப்படுகின்றது என்பதைக் கொண்டு வழங்கும் பெயர்கள் ஆகும். முன்னிரு சக்கரங்கள் வண்டியை இழுத்துச் சென்றால் அது முன்சக்கர இயக்கம். பின்னிரு சக்கரங்கள் வண்டியைத் தள்ளிச் சென்றால் அது பின்சக்கர இயக்கம். நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பகிரும் நாற்சக்கர இயக்கமும் உண்டு. முதலிரண்டில் எது சிறந்தது என்பது வண்டியின் எடைப் பங்கீடு, ஏற்றப்படும் சுமை, சாலையின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது.

அமைப்பு

பின்சக்கர இயக்கத்தின் பரவலான வடிவில் பொறியும் கியர் பெட்டியும் வண்டியின் முன்பகுதியில் நீளவாக்கில் அமைந்திருக்கும். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு வண்டியின் அடிப்பகுதி வழியாகப் பின் அச்சுக்குச் செல்லும். பின் அச்சிலுள்ள டிஃபரன்சியல் எனப்படும் பற்சக்கரத் தொகுதி, சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பி இரு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷே 911, டாட்டா நானோ போன்றவற்றில் பொறியும் பின்புறத்திலேயே அமைந்தது.

இன்றைய முன்சக்கர இயக்க வண்டிகள் பெரும்பாலானவற்றில் பொறி குறுக்குவாட்டில் வைக்கப்படுகின்றது. பொறி, கியர் பெட்டி, டிஃபரன்சியல் ஆகிய மூன்றும் ஒரே தொகுதியாக முன்னே அமைவதால் நீண்ட தண்டு தேவையில்லை. பொறியின் சுழற்சி அச்சும் சக்கரங்களின் அச்சும் ஒரே திசையில் இருப்பதால் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பவும் தேவையில்லை.

வரலாறு

பிரான்சின் பனார் எ லெவாசோர் நிறுவனம் 1891 இல் பொறியை முன்னே வைத்துப் பின்சக்கரங்களை இயக்கும் அமைப்பைக் கையாண்டது. பின்னர் பல பத்தாண்டுகளுக்கு இதுவே பொதுவழக்காயிற்று. முன்சக்கரங்களை இயக்குவதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அச்சக்கரங்கள் சுழலவும் வேண்டும், திசை திரும்பவும் வேண்டும். எளிய குறுக்கு மூட்டு ஒன்று வளைந்த நிலையில் சுழலும்போது, வெளிச்செல்லும் தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறையும். இக்குறையைப் போக்கும் சீர்வேக மூட்டை, எஃகுக் குண்டுகளைக் கொண்டு ஆல்ஃபிரட் செப்பா 1920களில் உருவாக்கினார்.

பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1934 இல் வெளியிட்ட திராக்சியோன் அவான், பெருமளவில் தயாரிக்கப்பட்ட தொடக்ககால முன்சக்கர இயக்க வண்டிகளுள் குறிப்பிடத்தக்கது. இதன் பெயருக்கே முன்சக்கர இழுவை என்று பொருள். இதனை உருவாக்கிய செலவும் சேர்ந்து அந்நிறுவனம் அதே ஆண்டில் நொடித்துப் போனது. மிஷலின் நிறுவனம் அதனைக் கையேற்றது. ஆயினும் அவ்வண்டி 1957 வரை, ஏழரை இலட்சத்துக்கும் மேலான எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டது.

1956 இல் ஏற்பட்ட சூயசு நெருக்கடியால் பிரித்தானியாவில் எரிபொருள் தட்டுப்பாடு உண்டானது. இதன் விளைவாக அலெக் இசிகோனிசு வடிவமைத்த மினி 1959 இல் வெளிவந்தது. பொறியைக் குறுக்காக வைத்து, கியர் பெட்டியை அதன் அடியிலேயே அமைத்ததால், ஏறத்தாழ 3 மீட்டர் நீளமுள்ள வண்டியில் நால்வர் அமர முடிந்தது. இத்தாலியில் தாந்தே சியகோசாவின் வழிகாட்டலில் கியர் பெட்டி பொறியின் பக்கவாட்டு முனையில் பொருத்தப்பட்டது. ஆட்டோபியாங்கி பிரிமுலா (1964), ஃபியட் 128 (1969) ஆகியவற்றில் இடம்பெற்ற இவ்வமைப்பே இன்று பரவலாகப் பின்பற்றப்படுகின்றது. 1974 இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் முன்சக்கர இயக்கம் கொண்டதே.

இந்தியாவில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் பின்சக்கர இயக்கம் கொண்டவை. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, முன்சக்கர இயக்கத்தைப் பரவலாக்கியது. 1998 முதல் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாரிக்கப்பட்ட ஹூண்டாய் சான்ட்ரோவும், அதே ஆண்டில் அறிமுகமான டாட்டா இண்டிகாவும் இவ்வழியையே பின்பற்றின. அம்பாசடரின் தயாரிப்பு 2014 இல் நின்றது.

பிடிப்பும் எடையும்

சாலையைப் பற்றும் விசை, உராய்வுக் கெழுவையும் சக்கரத்தின் மீது அமையும் எடையையும் பொறுத்தது. வண்டி விரைவுபெறும்போது எடையின் ஒரு பகுதி முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்கு மாறுகின்றது. எனவே முடுக்கம் கூடக் கூடப் பின்சக்கர இயக்கத்துக்குப் பிடிப்பு கூடும். முன்சக்கர இயக்கத்துக்குக் குறையும். மறுபுறம், பொறித் தொகுதி முழுவதும் முன்சக்கரங்களின் மேல் அமைவதால், நிற்கும் நிலையில் முன்சக்கர இயக்க வண்டிக்கே இயக்கும் சக்கரங்களின் மீது எடை மிகுதி.

எடுத்துக்காட்டாக, நிற்கும்போது முன்சக்கரங்களின் மீது 60% எடை கொண்ட முன்சக்கர இயக்க வண்டியையும், பின்சக்கரங்களின் மீது 50% எடை கொண்ட பின்சக்கர இயக்க வண்டியையும் கொள்வோம். இரண்டிலும் பொருண்மை மையத்தின் உயரம், அச்சுகளுக்கிடையேயான தொலைவில் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், சக்கரம் வழுக்காமல் பெறக்கூடிய உச்ச முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தின் விழுக்காடாகப் பின்வருமாறு அமையும்:

உலர்ந்த தார்ச்சாலை (உராய்வுக் கெழு 0.8): முன்சக்கர இயக்கம் 41%, பின்சக்கர இயக்கம் 48%
வழுக்கும் சாலை (உராய்வுக் கெழு 0.2): முன்சக்கர இயக்கம் 11.5%, பின்சக்கர இயக்கம் 10.4%

இவ்விரு வண்டிகளைப் பொறுத்தவரை உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.45 ஆகும்போது இரண்டும் சமமாகும். ஏற்றத்துக்கும் இக்கணக்கே பொருந்தும். வழுக்கும் சாலையில் முதல் வண்டி 11.5% சரிவையும் இரண்டாவது 10.4% சரிவையும் ஏறவல்லன.

சுமை ஏற்றினால் நிலை மாறும். பின்புறம் ஏற்றும் சுமை பின்சக்கர இயக்க வண்டியின் பிடிப்பைக் கூட்டும். முன்சக்கர இயக்க வண்டியில் அச்சுமை இயக்கும் சக்கரங்களின் மீது விழுவதில்லை. சரக்குந்துகளும் பேருந்துகளும் பெரும்பாலும் பின்சக்கர இயக்கம் கொண்டிருப்பதற்கு இது முதன்மையான காரணம்.

திருப்பங்களில்

ஒரு டயரின் பிடிப்பு வரம்புடையது. வண்டியை முடுக்குவதும் திருப்புவதும் அப்பிடிப்பையே பங்கிட்டுக் கொள்கின்றன. முன்சக்கர இயக்கத்தில் இரு வேலைகளும் முன்சக்கரங்களையே சாரும். திருப்பத்தில் முடுக்கி மிதியை மிகையாக அழுத்தினால் முன்சக்கரங்கள் வழுக்கி, வண்டி வேண்டிய அளவு திரும்பாமல் வெளிநோக்கிச் செல்லும். அழுத்தத்தைச் சீராகக் குறைத்தால் பிடிப்பு பெரும்பாலும் மீளும். ஆற்றல் மிகுந்த பொறியுள்ள வண்டிகளில், முடுக்கும்போது திசைமாற்றிச் சக்கரம் ஒருபுறம் இழுக்கப்படுவதும் உண்டு.

பின்சக்கர இயக்கத்தில் வேலைகள் பிரிந்திருப்பதால் திசைமாற்றம் தூய்மையாக உணரப்படும். ஆயினும் பின்சக்கரங்கள் வழுக்கினால் வண்டியின் பின்பகுதி வெளிநோக்கி வீசப்படும். அதனைத் திருத்த, பின்பகுதி வழுக்கும் திசையிலேயே முன்சக்கரங்களை விரைந்து திருப்ப வேண்டும். பழக்கமில்லாத ஓட்டுநருக்கு இது கடினம். தனித்தனிச் சக்கரங்களுக்குத் தானே பிரேக் இட்டு இவ்விரு பிழைகளையும் தணிக்கும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனையாகும் புதிய மகிழுந்துகள் அனைத்துக்கும் 2014 நவம்பர் முதல் கட்டாயமானது. இதன்பின் பாதுகாப்பு நோக்கில் இரு முறைகளுக்குமிடையே இருந்த இடைவெளி குறைந்துள்ளது.

தவறான கருத்துகள்

முன்சக்கர இயக்க வண்டி விரைவில் நிற்கும் என்பது தவறான கருத்தாகும். எந்தச் சக்கரம் இயக்கப்பட்டாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் செயல்படுகின்றது. வழுக்கும் சாலையில் எளிதாகப் புறப்பட முடிந்த வண்டி எளிதாக நிற்கவும் செய்யும் என எண்ணி விரைந்து செல்வது விபத்துக்கு வழிவகுக்கும்.

இரண்டு டயர்களை மட்டும் மாற்றும்போது, புதியவற்றை இயக்கும் சக்கரங்களில் பொருத்த வேண்டும் என்பதும் பரவலான எண்ணம். முன்சக்கர இயக்க வண்டியாயினும் புதியவற்றைப் பின்னே பொருத்துமாறே டயர் தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். ஈரச்சாலையில் தேய்ந்த பின் டயர்கள் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும் என்பதே காரணம்.

இடமும் பேணுகையும்

முன்சக்கர இயக்கத்தில் உறுப்புகள் குறைவாதலால் எடையும் தயாரிப்புச் செலவும் குறையும். தரையின் நடுவே தண்டுக்கான மேடு தேவையில்லாததால் பயணியருக்கு இடம் கூடும். ஆனால் முன் டயர்கள் விரைவில் தேயும். சீர்வேக மூட்டின் இரப்பர் உறை கிழிந்து மண் புகுந்தால் மூட்டு பழுதடையும். திருப்பங்களில் எழும் ‘டக்டக்’ ஒலி இதற்கான அறிகுறி. பின்சக்கர இயக்கத்தில் உறுப்புகள் பிரிந்து கிடப்பதால் பல பழுதுகளை எளிதில் சரிசெய்யலாம். பொறி நீளவாக்கில் இருப்பதால் முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்பவும் இடமுண்டு.

மின் மகிழுந்துகளில்

மின்னோடி சிறியதாதலால் அதனை எந்த அச்சிலும் வைக்கலாம். மின்கலத் தொகுதி தரையில் பரவியிருப்பதால் எடை ஏறத்தாழ சமமாகப் பகிரப்படுகின்றது. இதனால் முன்சக்கர இயக்கத்துக்கு இருந்த இட, எடை ஆதாயங்கள் குறைந்தன. ஃபோக்ஸ்வாகன் ஐடி.3 பின்சக்கர இயக்கம் கொண்டது. வால்வோ நிறுவனம் 2023 இல் தன் ஒற்றை மின்னோடி வண்டிகளின் மின்னோடியை முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு மாற்றியது. மாறாக, 2010 இல் வந்த நிசான் லீஃப், டாட்டா நெக்சான் மின்வண்டி ஆகியவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. வேகம் குறையும்போது எடை முன்னோக்கி மாறுவதால், அவ்வாற்றலை மின்சாரமாக மீட்பதற்கு முன் அச்சே ஏற்றது.

இவற்றையும் பார்க்க

நாற்சக்கர இயக்கம்
உராய்வு
பொருண்மை மையம்