வள்ளத்தின் நீளமும் வேகத்தின் எல்லையும்

முல்லைத்தீவுக் கரையில் நின்று நோக்குவார்க்கு, வள்ளம் நீரைப் பிளந்து செல்லுங்கால் அணியத்தில் ஓர் அலை எழுவதும் பின்னே வேறலைகள் தொடர்வதும் புலனாகும். இவ்வலைகளே மரக்கலத்தின் வேகத்துக்கு எல்லை வகுப்பன. இவற்றை முறையாக அளந்து ஆராய்ந்தவர் வில்லியம் புரூட் (1810–1879) என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். அவர் 1872இல் தோர்க்கி நகரில் நீர்த்தொட்டியொன்றிற் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துச் சோதனை செய்தார். வேகங்கள் நீளங்களின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாயிருப்பின், மாதிரியும் கப்பலும் ஒத்த அலைக்கோலத்தையே எழுப்பும் என்பது அவர் கண்ட உண்மை.

காரணம் எளிது. ஆழநீரில் விரைந்து செல்லும் அலை நீண்ட அலையாகவே இருக்கும். வள்ளத்தின் வேகம் கூடக் கூட அது எழுப்பும் அலையும் நீளும். ஈற்றில் ஒரு முகடு அணியத்திலும் அடுத்த முகடு பின்புறத்திலுமாக நின்றுவிடும். அதன்மேலும் விரைய முயலும் வள்ளம் தன் அலையின்மீதே ஏறவேண்டியதாகின்றது. நீர்மட்ட நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆற் பெருக்கின் இவ்வெல்லை நொட்டில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என, வரும். நந்திக்கடல் போன்ற ஆழங்குறைந்த களப்பிலோ நீரின் ஆழமும் தடையாகும். ஒரு மீற்றர் ஆழத்தில் அலை ஏறத்தாழ 6 நொட்டுக்கு மேல் விரைவதில்லை.

வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த ‘அன்னபூரணி அம்மாள்’ 89 அடி நீளமுடையது. நீர்மட்டத்தில் 81 அடி எனக் கொண்டால் அதன் எல்லை 12 நொட்டு. நம்மவர் சூத்திரம் அறியாதிருந்திருக்கலாம். நீண்ட கலமே விரையும் என்பதை அறியாதிருந்தாரல்லர்.

1950களின் பிற்பகுதியில் மீன்பிடித் திணைக்களம் இயந்திர வள்ளங்களைக் கடனாக வழங்கலாயிற்று. மூன்றரைத் தொன் வள்ளமெனப் பெயர்பெற்ற அவை ஏறத்தாழ 28 அடி நீளமானவை. நீர்மட்ட நீளம் 25 அடி எனின் எல்லை 6.7 நொட்டு. சுமையோடு ஐந்து தொன் நீரை விலக்கும் அத்தகைய வள்ளம் 5 நொட்டிற் செல்ல 9 பரிவலு போதும், 6.7 நொட்டுக்கு 22 பரிவலு வேண்டும். 8 நொட்டுக்கோ 38. இவை கப்பற் சிற்பிகள் கையாளும் அண்ணளவு விதியாற் பெற்றவை. ஆகவே 6.7 நொட்டிலிருந்து 5 நொட்டுக்கு இறங்குபவர், பயணநேரம் மூன்றிலொரு பங்கு கூடினும், எரிபொருளில் ஏறத்தாழப் பாதியை மீதப்படுத்துவர்.

இன்று நம் கரையில் மிகுதியாக உள்ளவை வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய 18 அடியளவான கண்ணாடி நாரிழைப் படகுகள். இவை வேகங்கொண்டபின் நீரைப் பிளவாது அதன்மேல் வழுக்கிச் செல்வதால் மேற்கூறிய எல்லையைக் கடந்துவிடுகின்றன. ஆயினும் நனைந்த வலையும் நிறைந்த மீனுமாகத் திரும்புங்கால் படகு மீண்டும் நீரில் அமிழ்கின்றது. அப்போது 16 அடி நீர்மட்ட நீளத்துக்கு எல்லை 5.4 நொட்டே; விசையை முழுதுந் திறந்தாலும் வேகம் சிறிதே கூடும், மண்ணெண்ணெயோ பன்மடங்கு எரியும். 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அவ்வாண்டு முதல் இக்கணக்கை வகுப்பிற் செய்யும்போது, கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே முதலில் விடையைச் சொல்கின்றனர்.