கருவறையும் சட்டமும்

யாழ்ப்பாணத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் அரசர்களையும் கோட்டைகளையும் பற்றி நிறைய எழுதினர்; பிரசவ அறையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு சமுதாயம் தன் பெண்களை எவ்வாறு மதித்தது என்பதற்கு அவ்வறையைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

அச்சரித்திரத்தில் இணுவிலுக்குத் தனி இடம் உண்டு. அருகிலுள்ள மானிப்பாயில் 1848இல் வைத்தியசாலை நிறுவிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், 1857இல் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழிலே தந்தார். 1898இல் பெண்களுக்கெனவே இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. மருத்துவர் இசபெல்லா கேர் அங்கு நெடுங்காலம் பணிபுரிந்தார். அந்நாளில் மருத்துவரின் கைக்கும் காதுக்கும் எட்டியவை கருவின் அசைவும் இதயத் துடிப்பும் மட்டுமே. பிழைக்க இயலாத சிசுவாயினும், பிறந்த பின்னரே அது தெரியவந்தது.

1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவர்தம் துணைவரும் ஒலியலைகளால் கருவறையினுள் நோக்கும் முறையை உலகுக்கு அறிவித்தனர். இன்று நாம் ஸ்கான் என்று சொல்லும் பரிசோதனை அதன் வழிவந்ததே. மூளையும் மண்டையோடும் முறையாக உருவாகாத நிலையை ஐந்தாம் மாதத்திலோ அதற்கு முன்போ கண்டுவிடலாம். அத்தகைய சிசு கருவிலேயே மரிக்கும். அன்றேல் பிறந்து சில மணி நேரத்தில், சில நாளில் மரிக்கும். அறிவு முன்னேறிற்று, சட்டம் முன்னேறிற்றா?

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைப்பதை அதன் 303ஆம் பிரிவு குற்றமாக்கிற்று. தானே கலைத்துக்கொள்ளும் தாயும் குற்றவாளியே. கருவினுள் எட்டிப் பார்க்கலாம் என்று கனவிலும் எண்ணாத காலத்துச் சட்டம் அது! 1995இல் பலாத்காரத்துக்கும் சிசுவின் கடுங்குறைபாட்டுக்கும் விலக்களிக்கும் திருத்தம் பாராளுமன்றம் வரை வந்தும் அப்பகுதி கைவிடப்பட்டது. 2017இல் அமைச்சரவை இசைந்தும், மதத் தலைவர்களின் எதிர்ப்பினால் முயற்சி நின்றுபோயிற்று.

பாக்குநீரிணைக்கு அப்பால், இந்தியா 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதற்கு வழிவிட்டது. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மருத்துவக் குழு பாரதூரமான குறைபாட்டை உறுதிசெய்தால் வார எல்லையும் இல்லை. ஆகவே, கடல் கடக்கப் பணமுள்ளவளுக்கு ஒரு நீதி. இணுவில் தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் நடுபவளுக்கு வேறொரு நீதி!

அறிந்த பின்னரும் இறுதிவரை சுமக்க விரும்பும் தாய்மார் உளர். பிள்ளையின் முகத்தை ஒருமுறை காணவும், பெயரிட்டு வழியனுப்பவும் அவர்கள் விரும்புகின்றனர். அம்முடிவு பெருமதிப்புக்குரியது. ஆனால், விரும்பிச் சுமப்பது வேறு. சட்டத்துக்கு அஞ்சிச் சுமப்பது வேறு. இருவருக்கும் ஊரார் கேட்கும் “எத்தனை மாதம்?” என்ற கேள்வி ஒன்றே. பிரசவத்தின் பின் இருவர் மார்பிலும் பால் சுரக்கும். அருந்தப் பிள்ளை இராது. பிற தாய்மாரின் குழந்தைகள் அழும் விடுதியில் அவளைக் கிடத்தாமல் தனியறை தருவதும், உண்மையை அவளது மொழியிலே பொறுமையாகச் சொல்வதும், பிள்ளையை ஏந்த இடங்கொடுப்பதும் பெருஞ்செலவான காரியங்களல்ல.

ஆசிரியரும் மாணவரும் இதனைப் பேசக் கூசலாகாது. கிறீன் வைத்திய நூல்களைத் தமிழாக்கியது, அறிவு இம்மக்களின் கையில் ஆயுதமாக வேண்டும் என்பதற்கே. முடிவு செய்யும் உரிமையை மறுத்து அறிவை மட்டும் கொடுத்தால், அது அத்தாய்க்கு மாதக்கணக்கில் நீளும் தண்டனையே ஆகும். அத்தண்டனையை நீக்குவது நம் காலத்தின் கடமை.