வாடகை வீட்டின் கூரை: புத்தளக் கரையோரம் பற்றியொரு வரலாற்று நோக்கு

வாடகை வீட்டைப் பழுதுபார்த்தல் யாருடைய கடமை என்னும் வினாவுக்குச் சட்டநூல்கள் எளிதில் விடைகூறிவிடுகின்றன. சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்திலே அது அத்துணை எளிதன்று. உப்புக்காற்று ஆணியையும் தகரத்தையும் அரிக்கும். கிடுகுக் கூரையோ ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை புதிதாக வேயப்படல் வேண்டும். எனவே இங்கு பழுதுபார்க்கும் செலவு எப்போதோ வந்துபோவதன்று. வாடகைப் பணத்திலிருந்தே இடையறாது எடுத்துவைக்க வேண்டியதொன்றாகும்.

அவ்வாடகையை அரசு கட்டுப்படுத்தத் தொடங்கியது போர்க்காலத்திலாகும். 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1941 நவம்பரில் நிலவிய வாடகையையே அளவுகோலாகக் கொண்டது. 1948இன் 29ஆம் இலக்கச் சட்டமும் அவ்வளவுகோலைக் கைவிடவில்லை. பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது நிறைவேறிய 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், 1968 சனவரியில் உள்ளூராட்சி மன்றங்கள் கொண்டிருந்த வருடாந்தப் பெறுமதியை அடிப்படையாக்கியது. உரிமையாளர் வீட்டைப் பேணத் தவறின் குடியிருப்பவர் வாடகைச் சபையிடம் முறையிடலாம்; சபையின் அனுமதியுடன் தாமே பழுதுபார்த்துச் செலவை வாடகையிற் கழித்துக்கொள்ளவும் இடமுண்டு. குடியிருப்போரைக் காக்க இஃது இன்றியமையாத ஏற்பாடே. எனினும் ஓட்டின் விலையும் மரத்தின் விலையும் ஏறிக்கொண்டிருக்க, வாடகை மட்டும் பழைய ஆண்டொன்றிலே நின்றுவிட்டது. கழிப்பதற்கு அவ்வாடகை போதுமா என்பதைச் சட்டம் கேட்கவில்லை.

இக்கட்டுப்பாட்டின் தாயகமாகிய பிரித்தானியா 1915இலேயே வாடகையைக் கட்டியது. ஆனால் 1949இன் வீடமைப்புச் சட்டத்தினால், தனியார் உரிமையாளருக்கும் வீட்டைச் சீர்திருத்த மானியம் வழங்க முன்வந்தது. நாம் கட்டுப்பாட்டைப் பெற்றுக்கொண்டோம். மானியத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம் போலும்! 1973இன் வீட்டாதன உச்சவரம்புச் சட்டம் மேலதிக வீடுகளைக் குடியிருப்போர் வாங்க வழிசெய்தது. அது பலரை உரிமையாளராக்கியது உண்மை. ஆயின், நாளை கைமாறக்கூடிய வீட்டிற்கு இன்று ஓடு மாற்ற முன்வருவார் யார்? பெருஞ்செல்வரையும், ஒரேயொரு சிறு வீட்டின் வாடகையிற் சீவிக்கும் கைம்பெண்ணையும் ஒரே தராசில் நிறுத்தியமையே, என் கருத்தில், இக்கொள்கையின் பெருங்குறையாகும்.

1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டம் பழைய வீட்டைத் திருத்துவதற்கும் சிறு கடன் அளித்தது. அதன் நோக்கு தம் வீட்டிலே தாமே வாழ்வோர் மீதாயிருந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலானோர் இக்கரையோரத்தை வந்தடைந்தனர். கிடுகுக் குடிசைகளிலே ஆண்டுகள் பல கழிந்தன. 2007இல் உலக வங்கியின் கடனுதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. நிலத்துக்கு உரித்துடைய குடும்பங்களுக்குக் கட்டட வேலையின் படிமுறைக்கேற்பப் பணம் தவணைகளாக வழங்கப்பட்டது. அரைகுறையாய் நின்ற வீடுகளை நிறைவாக்கவும் அப்பணம் உதவிற்று. உறுதிப் பத்திரமும் அத்திவாரமும் இருந்தாற் பணம் வந்தது. அதுவும் அவ்வீட்டிலேயே குடியிருக்கப்போகும் குடும்பத்துக்கு.